பொறுமை யார்மீது கடமை?



பிறருடைய துன்பத்தைப் பார்த்து, "பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிடுவது மிகச் சுலபம். சொல்பவருக்கு அதனால் ஒரு காசு செலவில்லை. சொல்லப்பட்டவருக்கோ, இருக்கிற வலி போதாதென்று, வாய்திறந்து முனகக்கூடாது என்னும் பாரமும் வந்து சேர்கிறது. பொறுமை மேலான குணம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பொறுமை யார்மீது கடமை? துன்பப்படுகிறவர் தாமாக மேற்கொள்ளும் பொறுமையும், பக்கத்தில் நிற்பவர் அவர் தலைமீது ஏற்றிவைக்கும் பொறுமையும் ஒன்றாகுமா?

இக்கேள்வியை வெறும் தத்துவமாக ஆராய்வதைவிட, நமது இல்லங்களில் மாதந்தோறும் நிகழ்கின்ற, ஆயினும் நம்மவர் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை வைத்து ஆராய்வது பயன் தரும். மாதவிடாய்க் காலத்தில் பெண்களுக்கு ஏற்படும் வயிற்றுவலியையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

"சங்கத்தின் பத்திரிகையில் இதையெல்லாமா எழுதுவது?" என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் மாதவிடாயைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. ஃபிக்ஹு நூல்களில் ஹைளு என்று தனிப் பாடமே உண்டு. மதரஸாக்களில் ஆண்பிள்ளைகள் அதை ஓதுகிறார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்வதற்கு நாணம் தடையாக நிற்க இடங்கொடுக்காதவர்கள் என்று, மதீனத்து அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். பெரியோர்கள் கூசாமல் எழுதியும் ஓதியும் வந்ததை நாம் மட்டும் பேசக் கூசுவானேன்?

வலி மெய்யா, பிரமையா?

முதலில் தீர்க்க வேண்டியது இதுதான். நெடுங்காலமாக இந்த வலியை மனக்கோளாறு என்றும், வேலைக்குச் சோம்பும் சாக்கு என்றும் சொல்லி வந்தவர்கள் ஏராளம். படித்த டாக்டர்களிலேயே பலர், "எல்லாம் மனத்தில் இருக்கிறது" என்று கூறி அனுப்பிவிட்டார்கள்.

1957ஆம் ஆண்டில் பிக்கில்ஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி, மாதவிடாய்த் திரவத்தில் தசையைச் சுருங்கச் செய்யும் ஒருவகைப் பொருள் இருப்பதாக அறிவித்தார். புரோஸ்டாகிளாண்டின் என்று பெயர்பெற்ற இரசாயனங்கள்தாம் அவை என்பது பின்னர் தெளிவாயிற்று. கருப்பையின் உட்புறத் தோல் கழன்று வெளியேறும்போது இவை சுரக்கின்றன. இவை கருப்பையின் தசையை இறுகச் சுருக்குகின்றன. இரத்தக் குழாய்கள் நெரிபடுகின்றன. பிராணவாயு குறைந்த தசை நோகிறது. இந்த இரசாயனங்கள் இரத்தத்தோடு கலந்து ஓடுவதால்தான் சிலருக்குக் குமட்டலும், வயிற்றுப்போக்கும், தலைவலியும் கூடவே வருகின்றன. வலி அதிகமுள்ள பெண்களிடம் இவற்றின் அளவும் அதிகமாக இருப்பதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டார்கள். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இவை உண்டாவதையே தடுக்கின்றன என்பதை 1971இல் ஜான் வேன் என்பவர் எடுத்துக்காட்டினார். புரோஸ்டாகிளாண்டின்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கும், சுவீடன் நாட்டின் பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் என்ற இருவருக்கும் 1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறவேண்டியது விஞ்ஞானப் பாடம் மாத்திரமன்று. இத்தனை தலைமுறைகளாக "வலிக்கிறது" என்று சொன்ன பெண் உண்மையே பேசிவந்தாள். "இல்லை" என்று மறுத்தவர்கள்தாம் தவறாகப் பேசினார்கள். சாட்சி சொன்னவளை நம்புவதற்கு இரசாயனப் பரிசோதனை வரும்வரை உலகம் காத்திருந்தது. ஒருவருடைய உடம்பின் வலிக்கு அவரே முதற்சாட்சி. அந்தச் சாட்சியைக் காரணமின்றித் தள்ளுவது அநீதி.

நமது சிங்கப்பூரிலும் நிலைமை வேறல்ல. இங்குள்ள பதின்வயது மாணவியர் 5,561 பேரிடம் விசாரித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் ஏதோ ஓர் அளவில் இந்த வலியை அறிந்தவர்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருத்தி இதனால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறாள். டாக்டரிடம் ஆலோசனை கேட்டவர்களோ மிகச் சிலரே. நோயாளிகள் ஆயிரம் ஆயிரமாக இருக்க, டாக்டரின் வாசலுக்கு வருவோர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினர் என்றால், இடையில் ஏதோ ஒரு சுவர் இருக்கிறது என்பது பொருள். அச்சுவரை எழுப்பியவர்கள் வீட்டிலுள்ள நாம்தாம்.

நாயகம் அவர்கள் காட்டிய வழி

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 632இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் உடன் சென்றார்கள். மக்காவுக்கு அருகில் ஸரிஃப் என்ற இடத்தில் அன்னையவர்களுக்கு மாதவிடாய் ஏற்பட்டது. ஹஜ்ஜு தவறிவிடுமோ என்று அழுதார்கள். நாயகம் அவர்கள் அந்த அழுகையைப் பார்த்துக் காரணம் என்னவென்று கேட்டார்கள். இது உம்முடைய குற்றமன்று, பெண்மக்களுக்கு இறைவன் அமைத்த இயல்பு என்னும் பொருள்பட ஆறுதல் சொன்னார்கள். தவாஃப் ஒன்றை மட்டும் பிற்பாடு செய்யுமாறும், ஹஜ்ஜின் மற்றக் கிரியைகளை எல்லாரையும்போல் நிறைவேற்றுமாறும் வழி காட்டினார்கள்.

இதன் வரிசையைக் கவனியுங்கள். அழுகையைக் கண்டார்கள், கேட்டார்கள், குற்றவுணர்ச்சியை நீக்கினார்கள், செய்யத்தக்க வழியைச் சொன்னார்கள். "அழாதே, பொறுத்துக்கொள்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அன்னையவர்களின் மாதவிடாய்க் காலத்தில் அவர்கள் மடியில் சாய்ந்தபடி நாயகம் அவர்கள் குர்ஆன் ஓதியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அப்படியிருக்க, நம்மில் சில வீடுகளில் அந்நாட்களில் பெண்ணை ஒதுக்கிவைப்பதும், தட்டு வேறு, பாய் வேறு என்று பிரிப்பதும் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கங்கள் என்பதை அவரவர் சிந்திக்கவேண்டும்.

மார்க்கம் அந்நாட்களில் தொழுகையைக் களா செய்ய வேண்டாதபடி நீக்கிவிட்டது. நோன்பைப் பின்னொரு நாளுக்குத் தள்ளிவைத்தது. உடலின் சிரமத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதே இதன் கருத்து. ஆனால் நமது இல்லங்களில் நடப்பதென்ன? ரமளான் மாதத்தில் மாதவிலக்கான பெண், வீட்டு ஆண்களுக்குத் தெரிந்துவிடுமே என்று சஹருக்கு எழுந்து சாப்பிடுவதுபோல் பாவனை செய்கிறாள். பகலில் வலியோடும் பசியோடும் சமையற்கட்டில் நின்று நோன்புக்கஞ்சி காய்ச்சுகிறாள். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் தண்ணீரைத் திருட்டுத்தனமாகக் குடிக்கிறாள். இறைவன் தந்த சலுகையை நமது வெட்கம் பறித்துக்கொள்ளுகிறது. இதைப் பொறுமை என்று யாரும் பெயரிடவேண்டாம்.

இரண்டு ஆட்சேபணைகள்

"வலியைத் தாங்கினால் பாவங்கள் உதிருமே, அந்த நன்மையை ஏன் கெடுப்பது?" என்று சிலர் கேட்பர். முஃமினுக்கு முள் குத்தினாலும் அதற்குப் பலன் உண்டு என்பது உண்மையே. ஆனால் நோய்க்கு மருந்து தேடும்படி ஏவியவர்களும் அதே நாயகம் அவர்கள்தாம். வலியைத் தாங்கியவருக்குக் கூலி உண்டு. தணிக்க வசதியிருந்தும் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு என்ன கூலி? பிறர் பசித்திருப்பதால் அவருக்கு நன்மை சேருகிறது என்று சொல்லிச் சோற்றுப் பானையை மூடிவைப்பவரை நாம் தர்மவான் என்போமா? பொறுமை தன் துன்பத்தில் ஒருவர் தாமே தேடிக்கொள்ளும் செல்வம். அதைப் பிறர்மீது உத்தரவாகப் போடுவதற்கு நமக்கு அதிகாரமில்லை.

"எங்கள் உம்மாமார் இதையெல்லாம் சொல்லிக்கொண்டா இருந்தார்கள்?" என்பது அடுத்த ஆட்சேபணை. கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்து, இவ்வூரில் அம்மியில் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தை நிலைநிறுத்திய பெண்மணிகளை நம் சமூகம் மறக்காது. அவர்கள் தாங்கினார்கள் என்பது மெய். ஆயினும் சும்மா தாங்கியிருக்கவில்லை. சுக்குத் தட்டிப் போட்ட காப்பி, வெந்தயக் கஞ்சி, ஓமத் தண்ணீர், கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய உளுந்தங்களி, வெந்நீர் ஒற்றடம் இவையெல்லாம் யாருக்காகத் தோன்றின? வலியைத் தணிக்க வேண்டும் என்று தாய் மகளுக்காக நினைத்ததனால் தோன்றியவை. அஞ்சறைப்பெட்டியே அதற்குச் சாட்சி. முன்னோரைப் பின்பற்றுவதானால் அவர்களுடைய மௌனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய பரிவை விட்டுவிடுவது முறையன்று.

இயற்கை என்னும் முத்திரை

வலியைத் தணிப்பது கடமை என்று ஒப்புக்கொண்டால், அடுத்தபடியாக ஒரு கேள்வி எழுகிறது. எதைக் கொண்டு தணிப்பது? இன்று சிராங்கூன் சாலையில் ஒருமுறை நடந்து வந்தால் போதும். லேகியம், சூரணம், எண்ணெய், மீனெண்ணெய்க் குளிகை, உயிர்ச்சத்து மாத்திரை என்று அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின்மீது "இயற்கையானது" என்ற முத்திரை இருக்கிறது. இயற்கையானது என்றால் பலன் தருவது என்றும், தீங்கில்லாதது என்றும் நாம் பொருள் கொள்ளுகிறோம். எட்டிக்காயும் இயற்கையில் விளைந்ததே என்பது நினைவுக்கு வருவதில்லை.

மெய்யாக ஆராய்ந்து பார்த்தவை சில உண்டு. ஈரானில் மாணவியர் 150 பேரை வைத்து நடத்தி 2009இல் வெளியான பரிசோதனையில், சுக்குப்பொடி 250 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு நான்கு வேளை, மாதவிடாயின் முதல் மூன்று நாட்கள் கொடுத்தபோது, இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் ஆகிய மருந்துகளுக்கு இணையாக வலி தணிந்தது. வெந்தயத்துக்கும் இதுபோன்ற சிறு பரிசோதனைகள் சாதகமாக உள்ளன. ஆயினும் 2016இல், இத்தகைய சத்துப்பொருள்களைப் பற்றிய 27 பரிசோதனைகளை, 3,101 பெண்களின் விவரங்களோடு, காக்ரேன் என்னும் சர்வதேச ஆராய்ச்சி அமைப்பினர் ஒருசேர வைத்துச் சீர்தூக்கினார்கள். உயர்ந்த தரமான அத்தாட்சி எந்தச் சத்துப்பொருளுக்கும் இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. இஞ்சி, வெந்தயம், துத்தநாகம் முதலிய சிலவற்றுக்குக் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. அதுவும் சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது.

பி1 உயிர்ச்சத்தின் கதை இன்னும் சுவையானது. நூறு ஆண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. தீட்டிய வெள்ளையரிசி உண்டவர்களை அது பிடித்தது; புழுங்கலரிசி உண்ட தமிழர்களை விட்டுவிட்டது. கோலாலம்பூரில் 1905 முதல் பிளெட்சர் என்ற டாக்டர் ஒரு மனநோய் விடுதியில் இதைச் சோதித்தே பார்த்தார். நெல்லைப் புழுக்கும்போது உமியடியிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். இதே பி1 சத்தை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் 12 முதல் 21 வயதுவரையிலான 556 பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பெரும்பாலோருக்கு வலி நீங்கியதாக கோகலே என்ற இந்திய ஆராய்ச்சியாளர் 1996இல் எழுதினார்.

இதைப் படித்தவுடன் "புழுங்கற்சோறு சாப்பிட்டால் வலி போகும்" என்று யாரேனும் சொல்லக்கூடும். அது சரியன்று. ஒரு பெண்ணுக்கு நாள்தோறும் தேவைப்படும் பி1 சத்து ஏறக்குறைய 1.1 மில்லிகிராம்தான். 100 மில்லிகிராம் என்பது அதைப்போல் தொண்ணூறு மடங்கு. சோற்றில் கிடைப்பது உணவு. மாத்திரையில் கிடைப்பது மருந்து. மருந்தின் அளவில் ஒன்றை உட்கொள்ளும்போது மருந்துக்குரிய எச்சரிக்கையும் வேண்டும். பி6 உயிர்ச்சத்தை அளவுக்கு மிஞ்சி நெடுங்காலம் விழுங்கினால் நரம்பு கெடும். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் சுக்குப்பொடியையும் மீனெண்ணெயையும் டாக்டரைக் கேளாமல் மிகுதியாகச் சாப்பிடலாகாது.

விற்பவருக்கும் இங்கே பெரும் பொறுப்பு இருக்கிறது. சிங்கப்பூரில் சத்துணவுப் பொருள்களை விற்பனைக்குக் கொண்டுவருமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. அவை பத்திரமானவையா என்பதற்கு விற்பவரே பொறுப்பாளி. மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டு மருந்தைக் கலந்து விற்றவற்றை அந்த ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. கடைவீதியில் ஈரத் தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே பரப்பி வைத்திருந்த வியாபாரியை நாயகம் அவர்கள் கண்டித்த வரலாறு வணிகச் சமூகமாகிய நமக்குப் புதிதன்று. வலியில் துடிப்பவளிடம் இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்குவதும் அந்த ஈரத் தானியமேயாகும்.

வீட்டில் செய்யத்தக்கவை

நேர்மையாகச் சொல்லத்தக்கவற்றை இங்கே தொகுத்துச் சொல்வோம்.

முதலாவது, சூடு. அடிவயிற்றில் வெந்நீர்ப்பை வைப்பது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்கத்தக்கதன்று. இளஞ்சூடு தரும் பட்டையை அடிவயிற்றில் ஒட்டிக்கொண்ட பெண்களுக்கு இபுபுரூஃபன் மாத்திரைக்கு ஒப்பான சுகம் கிடைத்ததாக 2001இல் வெளிவந்த ஒரு பரிசோதனை காட்டுகிறது. தோல் வெந்துவிடாதபடி துணி சுற்றி வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, உடற்பயிற்சி. வாரத்தில் மூன்று நாளாவது முக்கால் மணிமுதல் ஒரு மணிவரை நடப்பது, யோகாசனம் முதலியவை வலியைக் கணிசமாகக் குறைக்கக்கூடும் என்று 2019இல் காக்ரேன் அமைப்பினர் கூறினார்கள். ஆண்பிள்ளைகள் திடலில் பந்தாடட்டும், பெண்பிள்ளைகள் வீட்டில் இருக்கட்டும் என்று வளர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, உணவு. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு வலிக்கு ஓரளவு உதவக்கூடும். உதவாவிட்டாலும் உடம்புக்கு நல்லது. தேக்கா சந்தையில் இவை விலைமலிவாகவே கிடைக்கின்றன. உதிரப்போக்கு மிகுதியாக உள்ள பெண்களுக்கு இரும்புச்சத்து குறைந்து சோகை உண்டாகும். ஈரல், இறைச்சி, முருங்கைக்கீரை, பருப்பு ஆகியவற்றோடு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக்கொள்வது நல்லது. சோறு உண்டவுடன் தேத்தண்ணி குடிக்கும் நம் வழக்கம் கீரை, பருப்பு வகைகளிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். உளுந்தங்களியை வலிக்கு மருந்து என்பதைவிட வளரும் பெண்ணுக்குச் சத்து என்று சொல்வதே நேர்மை. அதை அன்போடு கிண்டிக் கொடுப்பதில் தவறேதும் இல்லை.

நான்காவது, மருந்து. இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்றவை இந்த வலிக்கென்றே நன்கு சோதிக்கப்பட்டவை. 80 பரிசோதனைகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டின் தொகுப்பில், வெறும் மாவு மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குச் சுகம் கிடைத்ததென்றால், இம்மருந்துகளால் 45 முதல் 53 பேருக்குக் கிடைத்தது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரின் யோசனையின்றி இவற்றைத் தொடலாகாது. மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் பின், குறிப்பிட்ட அளவில் சாப்பிடலாம். "பெண்பிள்ளை மாத்திரை சாப்பிட்டால் பிள்ளைப்பேறு கெடும்" என்று பயங்காட்டித் தடுப்பது பேதைமை.

பெயரில்லாத மாத்திரை

மருந்து கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் சுமார் 100 பெண்களைத் தாம்ஸன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் விசாரித்து 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்றதும் மேற்பார்வையாளர் ஒரு மாத்திரையைக் கையில் கொடுப்பாராம். அதில் பெயர் இல்லை; என்ன மருந்து என்ற குறிப்பும் இல்லை; கெடு தேதியும் இல்லை. பரிசோதித்துப் பார்த்ததில் அவை சாதாரண வலிநிவாரணிகளே என்று தெரியவந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் கேள்விமுறையின்றி விழுங்கியதால் உடல்நலம் கெட்டதாக அப்பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னார்கள்.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இதில் என்ன குற்றம்? வலித்தது, மருந்து கொடுத்தார்கள், வலி போயிற்று. ஆனால் அந்த மாத்திரை யாருக்காகக் கொடுக்கப்பட்டது? பெண்ணின் சுகத்துக்காக என்றால் அதன் பெயரை அவளுக்குச் சொல்லியிருப்பார்கள். சற்று ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார்கள். தையல் இயந்திரம் நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காகவே அது கொடுக்கப்பட்டது. அவளோ ஒரு நாள் கூலியை இழக்க முடியாத ஏழை. மெஷினுக்கு எண்ணெய் விடுவதுபோல் மனுஷிக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

ஆகவே துன்பந் தணிப்பதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. துன்பப்படுகிறவளை நம்பவேண்டும். கொடுப்பது இன்னதென்று உண்மையைச் சொல்லவேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அவள் விருப்பத்தில் இருக்கவேண்டும். இம்மூன்றும் இல்லாத உதவி, உதவி செய்பவருடைய சொந்தக் காரியமாகவே முடியும். தொழிற்சாலையை மட்டும் குறைசொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. "இதைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் அடுப்பைப் பார்" என்று நீட்டப்படும் சுக்குக் காப்பியும் அந்தப் பெயரில்லாத மாத்திரைக்குச் சகோதரியே.

டாக்டரிடம் எப்போது?

எல்லா வலியும் ஒரே வலியன்று. மாதவிடாய் தொடங்கிய ஓரிரு நாட்களில் வந்து தணிந்துபோவது பொதுவான வகை. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போவது, மாதவிடாய் இல்லாத நாட்களிலும் தோன்றுவது, மலஜலம் கழிக்கும்போது வலிப்பது, அளவுகடந்து உதிரம் போவது, வழக்கமான மாத்திரைக்கும் அடங்காமல் படுக்கையில் தள்ளுவது ஆகியவை வேறு நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய் உலகில் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே பலருக்கு ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. "பெண் என்றால் வலிக்கத்தான் செய்யும்" என்ற ஒரு வாக்கியமே அந்தத் தாமதத்துக்குப் பெருங்காரணம். வெந்தயத்தையும் சுக்கையும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் காலத்தை ஓட்டுவது அங்கே அன்பாகாது.

நம்மவர் நடமாடும் தேக்கா பகுதிக்குப் பக்கத்திலேயே கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனை இருக்கிறது. 1858இல் தோன்றி, 1924 முதல் பிரசவ ஆஸ்பத்திரியாக விளங்கி, 1966ஆம் ஆண்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் பிறக்கக் கண்ட இடம் அது. 1997இல் இன்றைய புதுக் கட்டடத்துக்கு மாறியது. பிரசவத்துக்கு மகளை அங்கே அழைத்துச் செல்ல நாம் வெட்கப்படவில்லையே! வலிக்கு அழைத்துச் செல்ல மட்டும் ஏன் தயங்கவேண்டும்? முதலில் அருகிலுள்ள பலதுறை மருந்தகத்துக்குப் போனாலும் அவர்கள் வழி காட்டுவார்கள்.

நம்மீதுள்ள கடமை

தாய்மார்களே, மகள் பெரியவளாகு முன்பே இதைப்பற்றி அவளிடம் பேசுங்கள். பள்ளித் தோழியிடம் பாதியும் பொய்யுமாகக் கேட்டறியும்படி விடாதீர்கள். தந்தையர்களே, கணவன்மார்களே, அந்நாட்களில் ஒரு வேளைச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால் மானம் ஒன்றும் குறைந்துவிடாது. நாயகம் அவர்கள் தம் இல்லத்தாரின் வேலைகளில் ஒத்தாசை செய்தவர்கள் என்பதை அறியாதவர் நம்மில் யார்? ரமளானில் வீட்டுப் பெண் நோன்பில்லாதிருந்தால் காரணம் கேட்டுத் துளைக்காதீர்கள். அவள் நிம்மதியாக ஒரு பிடி சோறு உண்ண இடங்கொடுங்கள்.

கடையும் கம்பெனியும் நடத்துகிறவர்களே, உங்களிடம் வேலைசெய்யும் பெண்களையும் நினையுங்கள். மாதவிடாய் வலி என்று தெரிவிக்கும் பெண் முதல் இரண்டு நாட்கள் வேலைக்கு வரக் கட்டாயமில்லை என்று இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறுகிறது. பீகார் அரசாங்கம் 1992 முதலே தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு அளிக்கிறது. ஸ்பெயின் தேசம் 2023இல் இதற்குச் சட்டம் செய்தது. சிங்கப்பூரில் இதற்கெனத் தனி விடுப்பு சட்டத்தில் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் ஒருவருடைய தர்மம் சோதிக்கப்படுகிறது. வீட்டுப் பணிப்பெண்கள் நம் நாட்டின் வேலை நியமனச் சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. தாய்நாட்டை விட்டு வந்து நம் அடுக்குமாடி வீட்டில் துணி துவைக்கும் அந்தப் பெண்ணுக்கும் வயிறு உண்டு, வலியும் உண்டு. தன் மகளுக்கு வெந்நீர்ப்பை கொடுக்கிற கை அவளுக்கும் ஒன்று கொடுக்கட்டும்.

பொறுமையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு நமது விடை இதுதான். தணிக்க முடியாத துன்பம் வரும்போது, அதைத் தாங்குகிறவர் இறைவனை நினைந்து பொறுப்பது அவருக்கு அழகு. தணிக்கக்கூடிய துன்பம் எதிரே நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர்மீது விதிக்கப்பட்டது உதவி. அவர் பொறுமையைப் போதிக்க வேண்டிய ஒரே ஆள் அவரேதான். சொல்வதை அமைதியாகக் கேட்கவும், வெந்நீர் கொதிக்கும்வரை அடுப்பருகே நிற்கவும், மருந்தகத்தில் தம் முறைக்காகக் காத்திருக்கவும் அந்தப் பொறுமை அவருக்குத் தேவைப்படும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நம் இல்லங்களிலுள்ள பெண்மக்களின் துயரை அறிந்து நடக்கும் நற்குணத்தை நம்மனைவர்க்கும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.